இனிப்புச் சோளப் பாகு: காய்ச்சி வைப்பதா, மருந்திட்டு வைப்பதா?

இனிப்புச் சோளத் தட்டையின் (sweet sorghum; மக்காச்சோளம் அல்ல) சாறு, பிழிந்த சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். அறுவடைக் காலம் குறுகியது. எத்தனால் ஆலைக்கோ ஆண்டு முழுவதும் சர்க்கரை வேண்டும். அதனால்தான் தெலங்கானாவின் மேதக் மாவட்டம் இப்ராஹிம்பாத்தில், ஊரிலேயே பிழிந்து, பாகாகக் காய்ச்சி, ஆலைக்கு அனுப்பும் முறையைப் பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட் செய்து பார்த்தது. அந்தப் பாகை மாதக்கணக்கில் கெடாமல் வைப்பதற்கு வழிகள் சில உண்டு.

கெட்டியாகக் காய்ச்சுவதே சிறந்தது என்பது என் துணிபு. பிரிக்ஸ் என்பது கரைந்திருக்கும் சர்க்கரையின் எடை விழுக்காடு. 16 பிரிக்ஸ் சாறு 100 கிலோவை 65 பிரிக்ஸுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 75 கிலோ நீர் ஆவியாக வேண்டும். 75 பிரிக்ஸ் வரை போனால் கூடுதலாக ஆவியாவது 3 கிலோ சொச்சம்தான். அவ்வளவு எரித்தபின், அடுப்புக்கு எரிபொருளான கடைசிச் சக்கையை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சர்க்கரை, மட்டும் கரைந்த நீர் 67 விழுக்காட்டை ஒட்டிப் படிகம் கட்டும். சோளச் சாற்றில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருப்பதால் அதற்கு மேலும் கொஞ்சம் போகலாம். ஆனால் திறந்த கொப்பரையில் அடிப்பிடித்துக் கருகினால், சர்க்கரையை எத்தனாலாக்கும் ஈஸ்டைத் தடுக்கும் பொருட்கள் பாகிலேயே உருவாகிவிடும். கெட்டிப் பாகு பம்பையும் திணறடிக்கும்.

கெட்டிப் பாகுக்கும் ஆபத்து மேலிருந்து வரும். இரவுக் குளிரில் தொட்டியின் கூரையில் நீர் கோத்துச் சொட்டுகிறது. மேல் அடுக்கு மட்டும் நீர்க்கிறது. மிகுந்த சர்க்கரையிலும் வாழும் ஈஸ்டுகள் அங்கிருந்து கிளம்புகின்றன. பாகுக்கு மேலுள்ள காலி இடத்தைக் குறைத்து, தொட்டிக்கு நிழல் கொடுத்தாலே பாதிக் கவலை தீரும்.

கெடாமல் காக்கும் மருந்துகளான மெட்டாபைசல்பைட், சார்பேட் போன்றவற்றைச் சேர்ப்பது இன்னொரு வழி. மெல்லிய பாகுக்கு இவை உதவும். ஆனால் நாளை ஆலையில் வேலை செய்ய வேண்டிய ஈஸ்டையும் இவை தடுக்கும். நொதிக்க வைக்குமுன் பாகை மூன்று நான்கு மடங்கு நீர்க்கச் செய்வதால் வீரியம் குறையும் என்பது உண்மைதான். அளவு மீறினால் அதுவும் காப்பாற்றாது. பீர் ஆலைகள் அறிந்த, ஹாப்ஸ் பூவிலிருந்து வரும் அமிலங்கள் இவற்றைவிடப் பொருத்தமானவை: பாகைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாவை அடக்கும், ஈஸ்டைத் தொடாது. அதனாலேயே, மேற்பரப்பில் கிளம்பும் ஈஸ்டுக்கு அவை மருந்தாகா.

பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளில் கெட்டிச் சாற்றைக் காரத்தன்மையோடு வைக்கிறார்கள். அதைப் பார்த்துச் சோளப் பாகில் சுண்ணாம்பு கொட்ட வேண்டாம். பீட் சாற்றில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் மிகக் குறைவு. சோளத்தில் நிறைய உண்டு. காரத்தில் அவை சிதைந்து கறுக்கும். தவிர, சர்க்கரை ஆலைக்குச் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைவது இழப்பு. எத்தனாலுக்கு இல்லை, உடைந்த இரண்டையும் ஈஸ்ட் உண்ணும். இங்கே உண்மையான இழப்பு, பாக்டீரியா சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாகவும் பிசுபிசுப்பான டெக்ஸ்ட்ரானாகவும் மாற்றுவதுதான்.

குளிரூட்டுவதும் பலன் தரும். ஆனால் எரிபொருளுக்கான பாகுக்கு அந்த மின்செலவு கட்டாது.

ஆகவே ஆலை பாகு வாங்கும்போது பிரிக்ஸ் மட்டும் பார்த்தால் போதாது. தொட்டியின் மேலிருந்தும் அடியிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுத்து, இரண்டின் அமிலத்தன்மையையும் ஒப்பிட வேண்டும்.