நாசிக் ஒயின்: நான்கு திராட்சைகளில் எதற்கு ஓட்டு?

நாசிக்கில் கங்காபூர் அணைப் பக்கம் இருக்கும் யார்க் மாதிரியான சின்ன ஒயின் ஆலைகளில், சுவைபார்க்கும் மேசைக்கு வரும் பெயர்கள் பெரும்பாலும் இவைதான்: செனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க், ஷிராஸ், கபர்னே சாவிஞான். நான்குமே பிரான்ஸில் பிறந்த ரகங்கள். அங்கே இலையுதிர் காலத்தில் அறுப்பார்கள். நாசிக்கிலோ மழை ஓயும் செப்டம்பரில் கொடிகளைக் கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு), ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. மார்ச் நெருங்க நெருங்க வெயில் ஏறும். பழத்தில் சர்க்கரை கூடும், புளிப்பு இறங்கும். புளிப்பை விட்டுக்கொடுக்காத ரகம்தான் இங்கே ஜெயிக்கும்.

அந்தக் கணக்கில் வெள்ளை ஒயினில் செனின்தான் முதல். இயல்பிலேயே புளிப்பு அதிகம்; ட்ரை (இனிப்பில்லாதது), இனிப்பு, நுரை ஒயின் என எதற்கும் வளைந்து கொடுக்கும். கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் ஆலைக்கு இது பெரிய வசதி. யார்க்கின் நுரை ஒயினும் செனின்தான். வாங்கும்போது ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தியச் செனின்கள் சிலவற்றில் இனிப்பை மிச்சம் வைத்திருப்பார்கள். சாவிஞான் பிளாங்கின் அழகு அதன் பச்சைக் குடைமிளகாய் வாசனை. பழம் வெயிலில் முற்ற முற்ற அது குறைந்துகொண்டே போகும். நல்ல பாட்டில் கிடைத்தால் அருமை, ஆனால் எல்லாம் அறுக்கும் நாளைப் பொறுத்தது.

சிவப்பில் போட்டி கடுமை. கபர்னேவுக்குச் சின்னப் பழம், தடித்த தோல், துவர்ப்பு அதிகம். பழுக்கவும் தாமதம். துவர்ப்பு பக்குவப்படும் முன்பே சர்க்கரை ஏறிவிட்டால் நாக்கைப் பிடிக்கிற ஒயின்தான் மிஞ்சும். (சாவிஞான் பிளாங்கின் பிள்ளைதான் இந்தக் கபர்னே என்று 1997இல் மரபணுச் சோதனை காட்டியது. அம்மாவைவிடப் பிடிவாதம்!) ஷிராஸ் கொஞ்சம் முன்னதாகவே பழுக்கும், வெயிலுக்கும் பழகியது. அதில் சில சமயம் எட்டிப்பார்க்கும் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற வாசனைப் பொருள். நம் மிளகில் இருப்பதும் அதேதான். மட்டன் சுக்காவோடு கபர்னே குடித்தால் காரமும் துவர்ப்பும் முட்டிக்கொள்ளும், ஷிராஸ் ஒத்துப்போகும்.

இரண்டையும் கலந்து ஓக் பீப்பாயில் வைத்த யார்க்கின் ‘ஆரோஸ்’ விலை கூடுதல். கபர்னேவின் உறுதி வேண்டும், முரட்டுத்தனம் வேண்டாம் என்பவர்களுக்கு அது சரி.

அப்புறம், சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வது குளிர் நாட்டு அறைகளுக்கு. நம் ஊரில் ஷிராஸையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத் திறங்கள்.