சாண எரிவாயு + சோலார் 'ஹைபிரிட்' என்று யாராவது வந்தால் ஜாக்கிரதை! ₹1,85,000 போச்சு

ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். விவசாயக் கண்காட்சிகளில் ஸ்டால் போட்டு வீட்டுக்கே வந்து மாட்டிக்கொடுக்கும் ஒரு கம்பெனியிடம் 1,85,000 ரூபாய் கொடுத்தேன். "பகல்ல சூரியன், ராத்திரி சாணி, கரண்டே போகாதுங்கண்ணா. ஒரு நாளைக்குப் பத்து யூனிட்டுக்கு நான் கேரண்டி" என்றார் வந்தவர்.

வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டு நேராகத் தொழுவத்துக்குப் போனார். சாணியைக் கையாலேயே அள்ளிப் பார்த்து, "தீவனத்துல சோளத்தட்டு ஜாஸ்தி போடறீங்களா?" என்றார். சரியாகச் சொன்னார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, சினை மாட்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று அரைமணி நேரம் பேசினார். அன்று சாயங்காலமே முன்பணம் கொடுத்தாயிற்று. மீதியை, சாணிக் கரைசலை ஊற்றி வாயு எடுக்கும் பலூன் கலனை இறக்கிய அன்றே வாங்கிக்கொண்டார்.

முதல் சில வாரம் கேஸ் பற்றவில்லை. "பாக்டீரியா இன்னும் செட் ஆகலைங்கண்ணா." புதுக் கலனில் முதலில் வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, எரியாது. அது உண்மைதான், பொறுத்தோம். அப்புறம் அடுப்பு எரிந்தது. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். "சாணியில மண்ணு இருக்குங்க." பிறகு "மழை சீசன்ங்க." பிறகு "டெக்னீஷியன் லீவுங்க." இப்போது போன் எடுப்பது ஒரு பெண், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பெயரும் ஊரும் கேட்கிறார்.

உள்ளூர் மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். உள்ளே அரித்துப் போயிருக்கிறது. சாண வாயுவில் இரும்பை அரிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், இரும்புத்தூள் ஃபில்டர் வழியாக விட்டுத்தான் இன்ஜினுக்குக் கொடுக்க வேண்டுமாம். அந்த ஃபில்டரே வைக்கவில்லை!

கணக்கும் பொய். ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணி போடும். கிலோவுக்கு 0.04 கன மீட்டர் வாயு. என் நான்கு மாட்டுக்கு 1.6 கன மீட்டர். சின்ன ஜெனரேட்டரில் அது இரண்டு யூனிட் சொச்சம்தான். அவர் சொன்ன பத்து யூனிட்டில் சோலாருக்கு நான்கு போக, மீதி ஆறு யூனிட்டுக்குப் பத்து மாடு வேண்டும். மாட்டை எண்ணிப் பார்த்துவிட்டுத்தானே விலை சொன்னார் அந்த மனுஷன்?

சோலார் இன்னும் மோசம். பில்லில் 540 வாட் பேனல் இரண்டு. அதற்கு நாளைக்கு நான்கு யூனிட்டாவது வர வேண்டும், இரண்டரைகூட வரவில்லை. பின்பக்க லேபிளைச் சுரண்டியிருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் அளந்து பார்த்து, பழைய 335 வாட் சரக்கு என்கிறார். "78,000 மானியம் உங்க அக்கவுண்டுக்கு வந்துரும்" என்றதும் கதை. அது 3 கிலோவாட்டும் அதற்கு மேலும், கிரிட்டோடு, அதாவது மின்வாரிய லைனோடு இணைத்து, நெட் மீட்டர் (நாம் எடுப்பது, கொடுப்பது இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வைக்கும் வீட்டுக்கூரைக்கு. பேட்டரியில் ஓடும் இந்த இரண்டு பேனலுக்கு ஒரு பைசா கிடையாது.

1,85,000 ரூபாய். இரண்டு நல்ல கறவை மாடு வாங்கியிருக்கலாம்.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், பால் வண்டி வந்துவிட்டது. பேனல் லேபிளை இறக்கும்போதே போட்டோ எடுங்கள். மானியம் என்றால் அரசுத் தளத்தில் பதிந்த விற்பனையாளரா என்று பாருங்கள். ஃபில்டர் எங்கே என்று கேளுங்கள். ஓட்டிக் காட்டாமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்கு மனு எழுதத் தெரிந்தவர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.