பிட்ல்பீ: அரட்டை எல்லாம் ஒரே ஐஆர்சி ஜன்னலில்

ஐஆர்சி என்பது சேனல் எனும் அரட்டை அறைகளில் எழுத்தால் பேசும் பழைய இணைய முறை. அதற்கான செயலி, அதாவது ஐஆர்சி கிளையன்ட்தான் எனக்கு வீடு மாதிரி. ஜாபர் என்ற இன்னொரு அரட்டை வலையமைப்பில் இருக்கும் நண்பர்களுக்காக வேறொரு செயலியைத் திறக்க மனம் வராததால், பிற அரட்டைகளை ஐஆர்சிக்குள் கொண்டுவரும் பிட்ல்பீ நிரலுக்கு வந்தேன். உள்ளே போனதும் கட்டுப்பாட்டு சேனலில் 'ரூட்' என்று ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். ஆள் இல்லை, நிரல்தான். கட்டளைகளை அவரிடமே தட்டச்சு செய்ய வேண்டும். 'அக்கவுன்ட் ஆட்' போட்டுக் கணக்கைச் சேர்த்து, 'அக்கவுன்ட் ஆன்' கொடுத்ததும் தொடர்புப் பட்டியலில் இணைப்பில் இருப்பவர்கள் சேனலுக்குள் வந்து நின்றுவிடுகிறார்கள். 'பெயர்: செய்தி' என்று அடித்தால் அவருக்கு மட்டும் போகும்.

முதல் நாள் 'ரெஜிஸ்டர்' கட்டளையை மறந்தேன். மறுநாள் சேர்த்த கணக்குகள் ஒன்றுமே இல்லை! தப்பு என்னுடையதுதான். ரெஜிஸ்டர் செய்து கடவுச்சொல் வைத்தபின், அடுத்த முறை 'ஐடென்டிஃபை' அடித்தால் போதும், எல்லாம் திரும்ப வந்துவிடும்.

மிகப் பிடித்தது 'ரீநேம்'. நீளமான முகவரிகளை எல்லாம் செல்லப்பெயர்களாக மாற்றிவிட்டேன். 'டைப்பிங் நோட்டீஸ்' அமைப்பை ஆன் செய்து அரை மணியில் அணைத்தேன். ஒருவர் தட்டச்சு செய்யத் தொடங்கும்போதெல்லாம் ஒரு அறிவிப்பு, யாருக்கு வேண்டும்? படங்கள் அனுப்ப பிட்ல்பீ சரிவராது. எழுத்துக்கு அருமை. சந்தேகம் வந்தால் 'ஹெல்ப்' அடியுங்கள், ரூட் பொறுமையாகச் சொல்லித் தருவார்.