பின்காலுக்கு டோ பிளேட்டா, இன்னொரு பூட்டா?

படகு இழுக்க, ஒற்றைப் பலகையில் நீரில் சறுக்கும் ஸ்லாலம் ஸ்கீயில் முன்காலுக்கு பூட்தான் (பலகையில் பொருத்திய, பாதத்தை முழுதாகப் பிடிக்கும் காலணி), அதில் பேச்சே இல்லை. பின்காலுக்குத்தான் குழப்பம்.

டோ பிளேட் (பாதத்தின் முன்பகுதியை மட்டும் நுழைக்கும், குதிகால் பக்கம் திறந்த பட்டை) இருந்தால் ஆழ்நீரிலிருந்து கிளம்புவது சுலபம். பின்காலைத் தண்ணீரில் இழுபட விட்டு, எழுந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம். குதிகால் தூக்க இடமிருப்பதால் முழங்கால் தாராளமாக மடங்கும். எடையை முன்காலுக்குக் கொண்டுபோவதும் எளிது. ஆனால் விழும்போது பின்கால் முதலில் கழன்றுவிடும், முன்கால் மட்டும் மாட்டிக்கொண்டால் கணுக்கால் பாவம்.

இரண்டு பூட்டில் கால்கள் அசையாது, பிடிமானம் அதிகம். இங்கேயும் ஒரு கால் மட்டும் கழல்வதுதான் பயம். கழன்றால் இரண்டும் சேர்ந்து கழல வேண்டும்.

ஸ்லாலம் தடத்தின் 6 மிதவைகளையும் இன்னும் சுற்றி முடிக்காதவருக்கு என் ஓட்டு டோ பிளேட்டுக்கே. அப்புறம், பூட்டை மாற்றும் அதே நாளில் ஃபின்னை (ஸ்கீயின் அடியில், பின்பக்கம் இருக்கும் துடுப்புத் தகடு) தொடாதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாது.