கிராணி காடி என்ன கலரு? ஏழு வருசமா மாடல் காடி ஒட்டுற அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், நான் ஜாக்கெட் தைக்கிறவ. மலேசியாவுல பெராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல, தாமான் (குடியிருப்பு) வீட்டு முன் ஹால்ல ரெண்டு மெசின் போட்டு தச்சிக்கிட்டிருக்கேன், தீபாவளி நெருங்குனா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மெசின் சத்தம் ஓயாது. அந்த மெசினுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன மேச, அதுலதான் என்னோட 1/24 காடிங்க எல்லாம், அதாவது அசல் காருல இருபத்துநாலுல ஒரு பங்கு சைசு, பிளாஸ்டிக் துண்டுங்கள ஒட்டி பெயிண்ட் அடிச்சி செய்யுற மாடல் காருங்க. அளவு குடுக்க வர்றவங்க "பையன் வெளாட்டு சாமானா"னு கேப்பாங்க, என்னோடதுதான்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க, இப்ப பழகிப்போச்சு.

2018ல அக்கா மகன் பினாங்குக்குப் படிக்கப் போறப்ப பாதி ஒட்டுன ஒரு தாமியா (ஜப்பான் மாடல் கம்பெனி) மோரிஸ் மினி கூப்பர் பெட்டிய எங்க வீட்டுல போட்டுட்டுப் போயிட்டான், "சின்னம்மா நீங்களே முடிச்சிடுங்க, ஊசியில நூல் கோக்குற கை உங்களுக்கு"னு சும்மா ஒரு மெசேஜ். அதுல புடிச்சதுதான். அசல் மினி 3 மீட்டர் சொச்சம், 24ஆல வகுத்தா 13 செண்டிமீட்டர் கூட வராது, அதோட வீலு அசல்ல 10 இன்ச், கிட்டுல (பாகமெல்லாம் வர்ற பெட்டியில) அது நம்ம சட்ட பட்டன் சைசுதான். இத்தனூண்டு பட்டன்ல ரிம்முக்கு வெள்ளி கலரும் நடுவுல கறுப்பும் அடிக்கணும்னா யாருக்குதான் ஆச வராது. இன்னிக்கு கணக்குக்கு பதினேழு காடி முடிச்சிருக்கேன், நாலு பெட்டி பிரிக்காம கட்டிலுக்கு அடியில இருக்கு, வீட்டுக்காரருக்கு ரெண்டுதான் தெரியும்.

ஒட்டுறது பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. தண்ணி மாதிரி இருக்குற மெல்லிசு சிமெண்ட் வாங்கிக்குங்க, ரெண்டு துண்டையும் சேத்துப் புடிச்சிக்கிட்டு இணைப்புல பிரஷ்ஷ தொட்டா அதுவே உள்ள ஓடிரும். பசை மாதிரி ஒட்டாது, பிளாஸ்டிக்க கரைச்சி ஒண்ணா ஆக்கிடும், அதனால தப்பா ஒட்டினா பிரிச்சி தைக்க முடியாது. கண்ணாடி பாகத்துக்கு மட்டும் சூப்பர் க்ளூ வேணவே வேணாம், அதோட ஆவி பட்டு கண்ணாடி பனி படிஞ்ச மாதிரி வெளுத்துப் போவும். என் மூணாவது காடியோட டிரைவர் இன்னிக்கி வரைக்கும் மூடுபனியிலதான் ஓட்டிக்கிட்டிருக்காரு.

பெயிண்டுதான் விசயமே. அதுவும் நம்ம ஊரு மாதிரி எடத்துல.

மொத தப்பு காசு மிச்சம் புடிக்கப் போனது. டவுன்ல தவுக்கே (சீன முதலாளி) கடையில மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற ஸ்ப்ரே எட்டு வெள்ளி (ரிங்கிட்), மாடல் ஸ்ப்ரே முப்பது வெள்ளி கிட்ட, ரெண்டும் ஸ்ப்ரேதானேன்னு எட்டு வெள்ளிய வாங்கி அடிச்சேன், அது இரும்புக்கு அடிக்கிற மருந்து, பிளாஸ்டிக்க தின்னுருச்சி, பானெட் மேல காஞ்ச கொளம் மாதிரி வெடிப்பு. அதுக்கப்பறம் தாமியா டிஎஸ் ஸ்ப்ரேதான், அதுக்கு முன்னாடி கலரு புடிக்க ஒரு அடி பூச்சு, பிரைமர், வேற பேச்சே இல்ல.

ரெண்டாவது தப்பு நேரம். நான் என்ன நெனச்சேன்னா காலையில வெயில் ஏறுறதுக்குள்ள குளுகுளுன்னு இருக்கப்ப அடிச்சா நல்லா வரும்னு. ஏழு மணிக்கு எழுந்து கோலம் போடுற மாதிரி ஸ்ப்ரே அடிப்பேன், பத்து நிமிசத்துல கறுப்பு காடி மேல அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்துன மாதிரி வெளுத்துப் போவும். டப்பா போலினு சந்தேகப்பட்டு வித்தவன்கிட்ட சண்டைக்கே போயிருக்கேன், பாவம். அப்பறம்தான் புரிஞ்சுது, லேக்கர் பெயிண்டுல இருக்குற தின்னர் படக்குனு ஆவியாப் போறப்ப அந்த எடம் ஜில்லுனு ஆவுது, காத்துல இருக்குற ஈரம் அதுல வந்து உக்காந்துக்குது, அதான் வெளுப்பு. இருபது வெள்ளிக்கு ஈரப்பதம் பாக்குற மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சி ஒரு வாரம் பாத்தேன், காலையில ஏழு மணிக்கு 90க்கு மேல நிக்குது! மழை இல்லாத நாள்ல மத்தியானம் ஒரு மணி ரெண்டு மணிக்குதான் 60 கிட்ட எறங்குது, நாலு மணிக்கு இருட்டிக்கிட்டு வந்தா மறுபடி ஏறிடுது. ஆக நமக்குக் கெடைக்கிறது ரெண்டே மணி நேரம், அதுவும் சோறு பொங்குற நேரம். இப்ப என் சட்டம் 70க்கு மேல போனா டப்பாவ தொடமாட்டேன், அவ்ளோதான். ஏற்கெனவே வெளுத்துப்போனத தூக்கிப் போடாதீங்க, காஞ்ச நாளா பாத்து லெவலிங் தின்னர (பெயிண்ட இளக்கி சமமா படிய வைக்கிற மெதுவான தின்னர்) மெல்லிசா தூவினா பெரும்பாலும் பழையபடி தெளிஞ்சி வந்துரும். இன்னொண்ணு, குளிர் நாட்டுக்காரங்க டப்பாவ வெதுவெதுப்பான தண்ணியில வச்சி அடிங்கனு சொல்வாங்க, நமக்கு அது தேவையே இல்ல, நம்ம டப்பா பொறந்ததுல இருந்தே வெதுவெதுப்புதான்.

அப்பறம் எண்ண. இது எந்த வீடியோவுலயும் யாரும் சொல்லல. ஒரு சிவப்பு காடிக்கு அடிக்க அடிக்க பெயிண்டு வட்ட வட்டமா வெலகி வெலகி ஓடுது, அம்ம தழும்பு மாதிரி. நாலு நாள் யோசிச்சி பாத்தா, தலைக்கு தேங்கா எண்ண வச்ச கையோட பாடிய தூக்கிருக்கேன். இப்ப பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு பாடிய கழுவி, கையில உறை மாட்டிக்கிட்டுதான் தொடுறது.

ஒரு பெயிண்ட் மேல இன்னொண்ணு அடிக்கிறதுக்கும் ஒரு முற இருக்கு. அடியில சீக்கிரம் காயுற லேக்கர், மேல மெதுவா காயுற எனாமல், இது சரியா வரும். எனாமல்ல கதவு கோட்டுக்கெல்லாம் கறுப்பு விட்டுட்டு அதுக்கு மேல லேக்கர் கிளியர (கலரு இல்லாத பளபள பூச்சு) தாராளமா அடிச்சேன் ஒரு தடவ, அத்தன கோடும் சுருங்கி யான தோலு மாதிரி ஆயிருச்சி. கிளியர் மொதல்ல, நல்லா காஞ்சதும் கடைசியா கோடு, இதுதான் இப்ப வழக்கம்.

சின்ன காடிய பத்தரமா பாத்துக்குற மாதிரி நம்மளையும் பாத்துக்கணும். துணி மாஸ்க் எல்லாம் இந்த வாடைக்குப் பத்தாது, கரி பில்டர் வச்ச மாஸ்க் வாங்குங்க. நான் பின்கட்டுல அடிப்பேன், அங்கயே கேஸ் அடுப்பு, கூடத்துல சாமி வெளக்கு. ஸ்ப்ரே டப்பாவுல வர்ற கேஸ் பத்திக்கிற சாதி, அதனால வெள்ளிக்கெழம ஸ்ப்ரே இல்ல, அடுப்பு எரியுறப்பவும் இல்ல.

தையல்காரிக்கு லாபம் எங்கன்னா மாஸ்கிங்லதான், அதாவது பெயிண்ட் படக்கூடாத எடத்த மறைக்கிறதுல. வளைஞ்ச எடத்துல டேப்ப அப்படியே ஒட்டினா மடிப்பு விழும், ரெண்டு மில்லி அகலத்துக்கு நறுக்கி ஒட்டினா கழுத்துக்கு கிராஸ் பட்டி போன மாதிரி வளைஞ்சி போவும். டேப் போவாத மூலைக்கு மாஸ்கிங் லிக்விட், தடவி காஞ்சதும் தோலா உரிச்சி எடுத்துரலாம். மொத தடவ அந்த பாட்டில தொறந்தப்ப, ரூம்ல படுத்திருந்த அப்பா "என்ன பாப்பா, பால் ஸ்டோர் வாட வருது"னு எழுந்து வந்துட்டாரு. நான் மோந்து பாக்குறேன், ஆமா! அந்த லிக்விட் லேடெக்ஸ், ரப்பர் பால்தான், உறையாம இருக்க அம்மோனியா ஊத்தி வச்சிருக்கான், எஸ்டேட் ஸ்டோர்லயும் அதேதான் ஊத்துவாங்க. எங்க அம்மா நாலு மணிக்கு பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற எடம்) போயி மங்கு மங்கா (மரத்துல கட்டுற கிண்ணம்) எடுத்த ரப்பர் பால இத்தனூண்டு பாட்டில்ல அடைச்சி இருபத்தஞ்சி வெள்ளிக்கு நான் வாங்கிக்கிட்டிருக்கேன். வேடிக்க என்னன்னா கிட்டுல வர்ற டயர் ரப்பரே இல்ல, பெரும்பாலும் வினைல் வகை. சில பழைய கிட்டுல அந்த டயர் வருசக்கணக்குல தொட்டுக்கிட்டு இருக்குற பிளாஸ்டிக்க கரைச்சி பள்ளமாக்கிடும், பெட்டியில போட்டு வைக்கிறதா இருந்தா டயர தனியா பையில போட்டு வைங்க.

ஏழு வருசத்துல எது நிக்குது எது நிக்கலனும் சொல்லணும். தேய்ச்சி பாலிஷ் போட்ட லேக்கர் அப்படியே கண்ணாடி மாதிரி நிக்குது, 2000 உப்புத்தாளு, 3000 உப்புத்தாளு, அப்பறம் மூணு வகை காம்பவுண்டு (பாலிஷ் பசை), பழைய மல்மல் துணி. கை வலிக்கும், ஆனா பலன் உண்டு. குரோம் பேனாவுல வரைஞ்ச பம்பர் அன்னிக்கி கண்ணு கூசும், ரெண்டு தடவ வெரல் பட்டா அலுமினிய சட்டி கலரு. மெல்லிசு உலோகத் தாள் ஒட்டினது அஞ்சு வருசமா மின்னுது, புது பிளேடு வச்சி வெட்டணும், பொறுமை வேணும். ஜன்னல் பக்கம் வச்ச வெள்ள காடியோட ஸ்டிக்கர் மஞ்சளாயிருச்சி. எல்லாத்துக்கும் பெரிய எதிரி பல்லி. ஒரு காடி கூரையில எச்சம் போட்டு ஒரு வாரம் கவனிக்கல, கிளியரையே அரிச்சிருச்சி. அன்னிக்கே மூடி போட்ட அக்ரிலிக் பெட்டி வாங்கிட்டேன், உள்ள ஈரம் உறிஞ்சுற பாக்கெட்டு ரெண்டு.

ஏர்பிரஷ் (காத்துல பெயிண்ட மெல்லிசா தூவுற பேனா) 2021ல வந்துச்சி, 0.3 ஊசி, சின்ன கம்ப்ரசர். வாங்குறவங்க தண்ணி புடிக்கிற குப்பி வச்சத வாங்குங்க, நம்ம ஊரு காத்துல அர மணி நேரத்துல அதுல சொட்டு சொட்டா தண்ணி நிக்கும், குப்பி இல்லாட்டி அந்த தண்ணி காடி மேலதான் துப்பும். அத வாங்குனதே ஒரு காடிக்காகத்தான்.

எஸ்டேட்ல அப்பா லோரி ஓட்டுனாரு. ஞாயித்துக்கெழம பெரிய கிராணியோட (எஸ்டேட் ஆபீஸ் தலைமை குமாஸ்தா) வோக்ஸ்வேகன கழுவுறதும் அவருதான், அதுக்கு ரெண்டு வெள்ளி. அந்த காடி பக்கத்துல அப்பா நிக்கிற ஒரு போட்டோ எங்க வீட்டுல இருக்கு, கறுப்பு வெள்ள. முன் லைட்டு கண்ணாடி சாஞ்ச மாதிரி இருக்கு, அப்ப 1968க்கு முந்தின மாடல்தான், தாமியாவுல 1966 பீட்டில் 1300 இருக்கு, சரியா பொருந்துது. பிளேட் நம்பர் அப்பாவுக்கு மனப்பாடம், அத வச்சி பத்து வருசம் நாலு நம்பர் லாட்டரி எடுத்திருக்காரு, ஒரு தடவகூட விழல. கறுப்பு பிளேட்ல வெள்ள எழுத்து, பெராக்னா ஏ, பிரிண்டு போட்டு வெட்டி ஒட்டிட்டேன். ஆனா கலரு?

"நீலம் பாப்பா. மழ வர்றதுக்கு முன்னாடி ரப்பர் காட்டு மேல வானம் இருக்குமே, அந்த நீலம்." எந்த கம்பெனி டப்பாவுல இருக்கு அந்த நீலம். அந்தக் காலத்து வோக்ஸ்வேகன் கலர் அட்டைய தேடிப் பாத்தேன், பஹாமா ப்ளூனு ஒண்ணு, சீ ப்ளூனு ஒண்ணு, காட்டினேன், ரெண்டும் இல்லைங்குறாரு. சரின்னு நானே கலந்தேன். சின்ன பொருள் மேல அசல் கலர அப்படியே அடிச்சா இருட்டா தெரியும், கொஞ்சம் வெள்ள சேக்கணும், அதையும் சேத்து பிளாஸ்டிக் கரண்டி மேல அடிச்சி அடிச்சி காட்டினேன். "பழுப்படிக்குது, நீலம் பத்தல." சேத்தேன். "இன்னும் பத்தல." சேத்தேன். பதினோரு கரண்டி. பதினோராவதுல "ஆங், இதான், கிராணி காடி"ன்னாரு. அடிச்சி, கிளியர் போட்டு, ஒரு மாசம் காய வச்சி, பாலிஷ் ஏத்தி, ஓரத்துல உலோகத் தாள் ஒட்டி, நான் செஞ்சதுலயே சுத்தமான வேலை அது. ஈப்போ கடைக்காரரே போன்ல படத்த பாத்துட்டு பாலிஷ் எப்படினு கேட்டாரு.

போன வருசம் அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாங்க. கட்ட பிரிச்சி வீட்டுக்கு வந்த மறுநாள், "வேட்டிக்கு சொட்டு நீலம் அதிகமா போட்டுட்டியா பாப்பா"ன்னாரு. நான் போடவே இல்ல. அப்பறம் மெதுவா மேசகிட்ட வந்தாரு, பெட்டிய தொறந்து காடிய கையில எடுத்தாரு, வெளிச்சத்துல திருப்பி திருப்பிப் பாத்தாரு.

"ஏன் பாப்பா இவ்ளோ நீலத்த அடிச்சி வச்சிருக்க? கிராணி காடி இப்படியா இருந்துச்சி?"

கண்ணுல புரை முத்துனா லென்ஸ் மஞ்சளாயிரும், நீல வெளிச்சம் உள்ள போறத அது மறிச்சிடும்னு அப்பறம்தான் படிச்சேன். அவரு பதினோரு கரண்டியையும் மஞ்ச கண்ணாடி போட்டுக்கிட்டு பாத்திருக்காரு. எனக்கு சிரிப்பும் வருது, அழுகையும் வருது, வீட்டுக்காரரு மட்டும் சமையக்கட்டுல நின்னு சிரிக்கிறாரு.

காடிய பிரிச்சி, பாடிய ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல ரெண்டு நாள் ஊறப்போட்டேன். நகம் தேய்ச்சிக் கழுவுற பிரஷ்ஷு போதும், மெதுவா தேய்ச்சா உரிஞ்சி வந்துரும், அசிட்டோன் மட்டும் கிட்ட கொண்டு போவாதீங்க, பாடியே கரைஞ்சிரும். நம்பர் பிளேட்ட முன்னாடியே பேத்து மெசின் மேல ஒட்டி வச்சிருக்கேன். புது கலர் மூணாவது கரண்டியிலயே அப்பா சரின்னுட்டாரு, பாத்தா அது பஹாமா ப்ளூவுக்கு ரொம்ப பக்கத்துல நிக்குது, மொத நாளு அட்டையில காட்டி வேணாம்னு சொன்னாரே அதே.

பாடி இப்ப சாம்பல் பிரைமர்ல மேச மேல உக்காந்திருக்கு. பன்னெண்டு நாளா தெனம் மத்தியானம் மழ. இப்ப மணி ஒண்ணு அம்பது, மீட்டர் 84 காட்டுது.