லாங்குவேஜ் ரியாக்டர்: நாடகம் பார்த்துக் கொரியன் கற்பவர்களுக்கு அந்த எஸ் பொத்தான் போதும்

ஏழு மாதமாகத் தினமும் ராத்திரி அரை மணி நேரம் எனக்கு லாங்குவேஜ் ரியாக்டரோடுதான் போகிறது. குரோம் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு எக்ஸ்டென்ஷன் இது. நெட்ஃபிளிக்ஸிலோ யூடியூபிலோ ஒரு வீடியோவை ஓடவிட்டால் இரண்டு வரி சப்டைட்டில் வரும், ஒன்று பேசுகிற மொழியில், இன்னொன்று நமக்குத் தெரிந்த மொழியில். ஒரு சொல்லின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் அர்த்தம் காட்டும். முன்பு இதற்கு 'லாங்குவேஜ் லேர்னிங் வித் நெட்ஃபிளிக்ஸ்' என்று பெயர். நான் இதை வைத்துக் கொரியன் கற்கிறேன். பலரும் இதைப் போட்டுக்கொள்வது அந்த இரண்டு வரிக்காகத்தான். என்னைக் கேட்டால் மொழிபெயர்ப்பு வரியை முதல் நாளே மறைத்துவிட வேண்டும். இந்தக் கருவியின் உயிர் கீபோர்டில் இருக்கும் எஸ் பொத்தானில் இருக்கிறது.

ஏ அழுத்தினால் முந்தைய வசனத்துக்குப் போகும், டி அழுத்தினால் அடுத்ததற்கு. எஸ் அழுத்தினால் இப்போது பேசிய அதே வசனம் முதல் எழுத்திலிருந்து மறுபடி ஓடும். கேட்க ஒன்றுமில்லாத வசதி மாதிரி இருக்கும். சாதாரணமாகப் பத்து விநாடி பின்னால் போகிற பொத்தானை அழுத்திப் பழகியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அது எங்கேயோ இரண்டு வசனம் முன்னால் கொண்டுபோய் விடும், நமக்கு வேண்டிய வசனம் வருவதற்குள் காது தளர்ந்துவிடும். இதில் அப்படி இல்லை, ஒன்றரை விநாடி வசனமென்றால் அந்த ஒன்றரை விநாடி மட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

ஒரு காட்சி சொல்கிறேன். ஒருத்தி கதவைத் திறக்கிறாள், அறை காலி. பின்னால் நிற்கும் தங்கையிடம் மெல்லிய குரலில் ஒன்று சொல்கிறாள். ஆங்கில வரியில் 'ஹி லெஃப்ட்' என்று வருகிறது. எனக்குக் காதில் விழுந்தது 'கபொர்யஸ்ஸொ' மாதிரி ஒரு ஓசை. எஸ், எஸ், எஸ். ஆறாவது ஏழாவது தடவையில் அது பிரிந்தது: கா, பொர்யொஸ்ஸொ. 'கா' என்றால் போ. 'பொரிதா' தனியாக வந்தால் தூக்கி எறிவது. இன்னொரு வினையின் பின்னால் ஒட்டிக்கொண்டால் அந்தக் காரியம் முடிந்தே போயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற வருத்தமோ, அப்பாடா என்ற நிம்மதியோ அதில் ஏறிவிடும். அதாவது அவள் சொன்னது 'போனான்' இல்லை, 'போய்விட்டான்'. வெறும் 'கஸ்ஸொ' என்று சொல்லியிருந்தால்தான் 'போனான்'. ஆங்கில வரியை மட்டும் படித்திருந்தால் அந்த 'விட்டான்' எனக்குக் கிடைத்தே இருக்காது, அந்தக் காட்சியின் கனமே அதில்தான் இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் நான் ஆங்கில வரியை மறைத்தேன். செட்டிங்கில் போனால் மொழிபெயர்ப்பை மங்கலாக்கி வைக்கலாம், மவுஸைக் கொண்டுபோனால் மட்டும் தெளியும். தமிழ் தெரிந்தவர்கள் கொரியனை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய்ப் படிப்பது வீண் அலைச்சல். இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, சொல்லின் வாலில் விகுதி மேல் விகுதியாகச் சேர்கிறது. 'ஹே ப்வா' என்றால் 'செய்து பார்', அதில் வருகிற 'ப்வா' உண்மையிலேயே பார் என்கிற வினைதான். 'ஹே ஜ்வொ' என்றால் 'செய்து கொடு', அந்த 'ஜ்வொ'வும் கொடு என்கிற வினைதான். முதல் தடவை இது பிடிபட்டபோது வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு சந்தோஷம். தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தருகிற அமெரிக்க அரசு நிறுவனம் கொரியனை ஆங்கிலம் பேசுபவர்களுக்கு மிகக் கடினமான வரிசையில் வைத்து 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்கிறது. அந்தக் கணக்கு ஆங்கிலக்காரர்களுக்குப் போட்டது, நாம் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒலியும் சொற்களும் நமக்கும் புதுசுதான், வாக்கியம் போகிற போக்கு புதுசு இல்லை.

நீ, நீங்கள் விஷயமும் அப்படியே. நெருக்கமானவர்களிடம் பேசுவது பன்மல், மரியாதையாகப் பேசுவது ஜொந்தேன்மல். அதுவரை வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் மரியாதைக்கான 'யோ' போட்டுப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர் திடீரென்று அதை விட்டுவிட்டால் அங்கே கதையே திரும்புகிறது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இரண்டுமே 'யூ'தான். நமக்கு அது ஒரு தடவை கேட்டதுமே உறைக்கும், காதில் 'யோ' விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

இந்தக் கருவியைப் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள், கொரியன் எழுத்தான ஹங்குலைப் படித்துவிடுங்கள். 1443இல் மன்னர் சேஜோங் உருவாக்கி 1446இல் வெளியிட்ட எழுத்து அது, அடிப்படை எழுத்துகள் 24தான், சில நாளில் கைக்கு வந்துவிடும். ரோமன் எழுத்தில் படித்தால் காதும் கண்ணும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். ஹங்குல் தெரிந்த பிறகும் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்று வரும் இடங்கள் உண்டு. நன்றி சொல்கிற 'கம்சாஹம்னிதா'வில் 'னி'க்கு முன்னால் வரும் 'ம்' இடத்தில் எழுத்துப்படி 'ப்' இருக்கிறது, பின்னால் 'ன' வருவதால் வாயில் 'ம்' ஆகிவிடுகிறது. 'சேர்ந்து' என்கிற சொல்லை எழுத்துக்கூட்டினால் 'கத்தி' மாதிரி வரும், பேச்சில் 'காச்சி'. புணர்ச்சி படித்து வளர்ந்த நமக்கு இது தலைவலி இல்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும், எஸ் பொத்தானை அழுத்தி அழுத்திக் கேட்டால் மறக்காது.

எந்த வீடியோவை எடுக்கிறோம் என்பதில் நான் ஒரு வாரத்தை வீணாக்கினேன். பெயர் வேண்டாம், ஒரு ஸ்ட்ரீமிங் சேவையில் வேறு மொழித் தொடர் ஒன்று கொரியன் டப்பிங்கோடு இருந்தது, கதை ஏற்கனவே தெரியும், சுலபமாக இருக்கும் என்று நினைத்து ஆரம்பித்தேன். அவர்கள் பேசுவது ஒன்று, கீழே எழுத்தில் வருவது வேறு. என் காதுதான் சரியில்லை என்று நினைத்து எஸ்ஸை அழுத்திக்கொண்டே இருந்தேன். டப்பிங் வசனம் உதட்டசைவுக்கு ஏற்ப எழுதப்படுகிறது, சப்டைட்டில் திரையில் படித்து முடிக்கிற வேகத்துக்கு ஏற்பச் சுருக்கப்படுகிறது, இரண்டையும் தனித்தனியாக மொழிபெயர்ப்பதால் ஒன்றோடொன்று பொருந்தாது என்பது பிறகுதான் புரிந்தது. அதனால் கொரியனிலேயே எடுத்த தொடரை எடுங்கள், சப்டைட்டில் பட்டியலில் சிசி என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள், காது கேளாதவர்களுக்காகச் செய்வது என்பதால் பெரும்பாலும் பேசியது பேசியபடி இருக்கும். யூடியூபில் தானாக உருவாகிற சப்டைட்டிலை ஆரம்பத்தில் நம்பாதீர்கள்.

அரண்மனைக் கதைகளையும் முதலில் தொடாதீர்கள். 'ஜொன்ஹா' என்று மன்னரை விளிப்பதும் அந்தப் பழைய வினைமுடிவுகளும் கேட்க அழகு, ஆனால் இன்றைக்கு யாரும் அப்படிப் பேசுவதில்லை. அலுவலகத்திலும் வீட்டிலும் நடக்கிற சாதாரணக் கதை எடுங்கள். அதை விட்டால் ரியாலிட்டி, கேளிக்கை நிகழ்ச்சிகள், அவற்றில் பேசுவதில் பாதியைத் திரையிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். யாரும் எழுதிக்கொடுத்துப் பேசாததால் தடுமாறுவது, இழுப்பது, ஒருவர் பேச்சில் இன்னொருவர் நுழைவது எல்லாம் அதில் இருக்கும்.

பாட்டு? பாட்டு எனக்குச் சொல் மறக்காமல் இருக்க உதவுகிறது, பேச உதவவில்லை. வேகமான ஆட்டப் பாட்டுகளை விட்டுவிட்டு மெதுவான காதல் பாட்டுகளை எடுத்தால் ஒவ்வொரு அசையும் நீண்டு நிற்கும், உச்சரிப்புக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் அங்கே அடிக்கடி வருகிற 'கிதே' என்ற முன்னிலைச் சொல் பாட்டுக்கும் கவிதைக்கும் உரியது, பேச்சில் அதை எடுத்துவிட்டால் கேட்பவர் திகைத்துப் போவார். நாடகத்தில் வருகிற 'தங்ஷின்' என்ற முன்னிலைச் சொல் இன்னும் ஆபத்து, கணவன் மனைவிக்குள் அன்பாக வரும், முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் சண்டைக்கு இழுப்பது போல ஆகிவிடும். சொல்லை எடுக்கும்போது யார் யாரிடம் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்வது அதனால்தான். நான் நோட்டில் 'அக்கா தங்கையிடம், கோபமாக' என்று பக்கத்திலேயே குறித்துவைக்கிறேன்.

அப்புறம், மவுஸை வைத்தால் வரும் அகராதியைப் பற்றி. சொல் பிடிக்க நல்லது, ஆனால் அர்த்தம் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'நுன்' என்றால் கண்ணும்தான், வானத்திலிருந்து விழும் பனியும்தான், நம் 'மாலை' மாதிரி. விகுதிகள் நாலைந்து ஒட்டிய நீளமான வினைக்கு எந்தப் பாப்-அப் அகராதியும் முழு உதவி செய்யாது, வினையடியைக் கண்டுபிடித்த பிறகு மீதியை இலக்கண நூலில்தான் பார்க்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு இலக்கணம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாடகத்தில் பார்த்த விகுதியைப் பிறகு நூலில் பார்க்கும்போது அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்ப்யூட்டர் வேண்டும், போனில் நெட்ஃபிளிக்ஸ் செயலிக்குள் இது வேலை செய்யாது. படுத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கு இது பெரிய குறை. கட்டணப் பதிப்பு இருக்கிறது, ஆனால் நான் மேலே சொன்ன எஸ் பொத்தானும் மங்கல் வசதியும் இலவசத்திலேயே கிடைக்கின்றன. முதல் ஆறு மாதத்துக்கு அதற்கு மேல் தேவைப்படாது. ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் தானாக நிறுத்துகிற வசதியும் உண்டு, க்யூ பொத்தானில். புதுத் தொடரின் முதல் பத்து நிமிடத்துக்கு அதைப் போட்டு, குரல்கள் பழகியதும் எடுத்துவிடுகிறேன்.

இப்போது பார்க்கிற தொடரில் பாட்டி ஒருத்தி வருகிறாள், பல் இல்லாத வாய், வட்டார வழக்கு. எழுத்தில் இருக்கும் வரியைப் படித்துவிட்டேன், அர்த்தமும் தெரியும், ஆனால் அவள் வாயில் அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. நேற்று ராத்திரி முப்பது தடவையாவது எஸ் அழுத்தியிருப்பேன். இன்றைக்கும் அந்த வரியிலிருந்துதான்.