இந்திய இ-விசா தளம்: யாழ்ப்பாணத்தில் இருந்து விண்ணப்பிக்கிறவர்கள் பார்க்க வேண்டியவை

பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ சுற்றுலா போக, இந்திய அரசின் இ-விசா தளத்தில் வீட்டில் இருந்தே விண்ணப்பிக்கலாம். நல்ல தளம், முகவருக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. ஆனால் படிவத்தை அனுப்பிய பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற ஏலாது, கட்டிய கட்டணமும் திரும்பாது. அதனால் அவசரப்படக் கூடாது. தளத்தின் முகவரி 'கவ் டொட் இன்' (gov.in) என்று முடிகிறதா என்று முதலில் பாருங்கள். இதே தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் போலித் தளங்கள் தேடலில் முன்னுக்கு வந்து நிற்கும்.

எங்கட ஆட்கள் கூடுதலாகப் பிழை விடுவது பெயரில்தான். தகப்பன் பெயர் முன்னுக்கும் சொந்தப் பெயர் பின்னுக்கும் எழுதும் வழக்கத்தில் சேர்நேம் (குடும்பப் பெயர்), கிவன் நேம் (சொந்தப் பெயர்) இரண்டும் இடம் மாறிவிடும். பாஸ்போட்டின் படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரியைப் பாருங்கள்: இலங்கையைக் குறிக்கும் 'எல்கேஏ'வுக்குப் (LKA) பிறகு வருவது சேர்நேம், இரட்டை அம்புக்குறிக்குப் (<<) பிறகு வருவது மற்றப் பெயர்கள். அதை அப்படியே பார்த்து எழுதுங்கள். அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல் இருந்தாலும் பாஸ்போட்டில் உள்ளதுதான் செல்லும்.

அடுத்தது படம். ஸ்ரூடியோவில் எடுக்கும் வழக்கமான பாஸ்போட் படம் நீள்சதுரம். இங்கே கேட்பது சரிசதுரம், குறைந்தது 350க்கு 350 பிக்சல், 10 கிலோபைட்டில் இருந்து 1 மெகாபைட் வரை, வெள்ளை அல்லது வெளிர் பின்னணி. அச்சுப் படத்தைக் கைபேசியால் திருப்பிப் படம் பிடித்தால் நிழல் விழும், ஒளி தெறிக்கும். ஸ்ரூடியோவிடம் மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள். பாஸ்போட் பக்கம் பிடிஎவ் ஆக 300 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். போனில் ஸ்கான் பண்ணினால் 2, 3 மெகாபைட் வரும். சுருக்கிய பிறகும் அந்த அடி வரிகள் இரண்டும் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

முன்பு இந்தியா போயிருந்தால் பழைய விசா இலக்கத்தைக் கேட்கும், ஆகவே பழைய பாஸ்போட்டைப் பக்கத்தில் வைத்திருங்கள். கடந்த 3 வருடத்தில் போன சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாடுகளையும் கேட்கும். இந்தியாவில் ஒரு தொடர்பு முகவரி வேண்டும். தெரிந்தவர் இல்லாவிட்டால் தங்கும் ஹோட்டலின் பெயரும் தொலைபேசி இலக்கமும் போடலாம். பிள்ளைகளுக்குத் தனிப் பாஸ்போட்டும் தனி விண்ணப்பமும் தேவை. இடையில் நிறுத்த வேண்டி வந்தால், தளம் தரும் தற்காலிக இலக்கத்தைக் குறித்து வைத்தால் விட்ட இடத்தில் தொடரலாம்.

பாஸ்போட்டில் 6 மாதச் செல்லுபடியும் 2 வெற்றுப் பக்கமும் இருக்க வேண்டும். குறைந்தது 4 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள்; ஒரு கிழமை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 30 நாள் விசாவில் பலரைக் குழப்புவது ஒரு திகதி. அனுமதிக் கடிதத்தில் போட்டிருக்கும் முடிவுத் திகதி இந்தியாவுக்குள் நுழைவதற்கான கடைசி நாள். தங்கும் 30 நாள் போய் இறங்கிய நாளில் இருந்துதான் தொடங்கும். 1 வருட, 5 வருட விசாவுக்கு அப்படியில்லை, அனுமதி கிடைத்த நாளில் இருந்தே கணக்கு ஓடும்.

காங்கேசன்துறையில் கப்பல் ஏற நினைக்கிறவர்கள், இ-விசா ஏற்கும் துறைமுகப் பட்டியலைத் தளத்தில் பார்த்த பிறகே டிக்கெற் எடுங்கள்.

மின்னஞ்சல் வரவில்லை என்று காத்திருக்காமல் தளத்திலேயே நிலையைப் பாருங்கள். 'கிராண்டட்' என்று வந்ததும் கடிதத்தை அச்செடுத்து, பாஸ்போட் இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு கைப்பையில் வையுங்கள்.